ஹீரோவுக்கு மஞ்சள் போதும்... நமக்கு?

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. பி.காம். மூணாவது வருஷம். டெபிட், கிரெடிட் தவிர உருப்படியா எதுவும் தெரியாது. (அதுவும் தெரியாதுன்னு எங்க காஸ்ட் அக்கவுண்டிங் சார் சொல்லுவார். அது வேற கதை.) ஆனா இன்னிக்கு எழுதப் போற விஷயத்தைப் பத்திப் பேச எனக்கு ஒரு தகுதி இருக்கு. பெருமைப்படற மாதிரி தகுதி இல்லை. கொஞ்சம் பொறுங்க, வர்றேன்.

எங்க வீடு மூலக்கொத்தளம். பேரைச் சொன்னாலே பாதிப் பேருக்கு சுடுகாடுதான் ஞாபகம் வரும். 1939-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைக்குப் போய் உயிர் விட்ட நடராசன், தாளமுத்து ரெண்டு பேரோட நினைவிடமும் அங்கேதான் இருக்கு. சாவு ஊர்வலம் எங்களுக்கு மழை, வெயில் மாதிரி. பறை, பூ, பட்டாசு, கூடவே எங்க வயசுப் பசங்க. ஊர்வலத்துக்கு முன்னாடி ஒருத்தன் வண்டியின் முன்சக்கரத்தைத் தூக்கிக்கிட்டுப் போவான். இன்னொருத்தன் வாய் நிறைய மண்ணெண்ணெய் வெச்சுக்கிட்டு பந்தத்தில் ஊதி நெருப்பு விடுவான். சுத்தி பத்து செல்போன். செத்தவருக்கு மரியாதையாம். செத்தவர் எழுந்து வந்து 'எனக்குத் துணைக்கு யாராச்சும் வர்றீங்களாடா'ன்னு கேட்கிற மாதிரி இருக்கும்.

இதெல்லாம் எங்கேர்ந்து வந்ததுன்னு ஆராய்ச்சி பண்ணத் தேவையில்லை. 2004-ல் 'தூம்' வந்தப்போ நாங்க கைக்குழந்தை. ஆனா எங்க தெரு அண்ணன்மாருங்க அந்தப் படத்தைப் பார்த்துட்டுத்தான் வண்டி சைலன்சரை மாத்தினாங்கன்னு கதை கதையா சொல்லுவாங்க. 2007-ல் 'பொல்லாதவன்'. பல்சர் இல்லாதவன் மனுஷனே இல்லைன்னு ஆச்சு. 2022-ல் 'வலிமை'. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, அந்தப் படத்தோட மேக்கிங் வீடியோவை அவங்களே வெளியிட்டாங்க. அதுல அஜித் வீலிங் பண்ணும்போது வண்டியோட கீழே விழறது அப்படியே இருக்கு. ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பழகின மனுஷன், தலையிலிருந்து கால் வரைக்கும் பாதுகாப்புக் கவசம், சுத்தி ஒரு யூனிட்டே நிக்குது. அப்படியும் விழறார். அந்த வீடியோவைப் பார்த்து எங்க பசங்க கத்துக்கிட்ட பாடம் என்ன தெரியுமா? "தல விழுந்தும் எழுந்து வந்து ஓட்டினார்டா!" அவ்வளவுதான். கவசம் யார் கண்ணுக்கும் தெரியலை.

சினிமாவில் ஒருத்தன் மாடியிலிருந்து குதிச்சா, இடுப்பில் ரோப் இருக்கும். அதை அப்புறம் கம்ப்யூட்டரில் அழிச்சிடுவாங்க. கீழே காத்தடைச்ச மெத்தையோ காலி அட்டைப்பெட்டி அடுக்கோ இருக்கும். உடையற கண்ணாடி நிஜக் கண்ணாடி இல்லை. இவ்வளவு இருந்தும் அந்தத் தொழிலில் இருக்கிறவங்களே சாகறாங்க. 2022 டிசம்பரில் வண்டலூர் பக்கம் 'விடுதலை' படப்பிடிப்பு. ரோப் அறுந்து ஸ்டண்ட் கலைஞர் சுரேஷ் போயிட்டார். 2024 ஜூலையில் 'சர்தார் 2'. சென்னையில் ஸ்டூடியோவுக்குள்ளேயே இருபது அடி உயரத்திலிருந்து விழுந்து ஏழுமலை. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கம் 'வேட்டுவம்'. கார் பறந்து கவிழற காட்சியில் மோகன்ராஜ். எல்லாரும் அனுபவஸ்தர்கள். இவங்க பேரை நம்ம பசங்க எத்தனை பேருக்குத் தெரியும்? ஹீரோவோட இன்ட்ரோ சாங் மட்டும் மனப்பாடம்.

ஜாக்கி சான் இந்த விஷயத்தில் ரொம்ப நேர்மை. படம் முடிஞ்சு பேரு ஓடும்போது, தான் விழுந்தது, அடிபட்டது, ஸ்ட்ரெச்சரில் தூக்கிட்டுப் போனது எல்லாத்தையும் காட்டிடுவார். 'ஆர்மர் ஆஃப் காட்' எடுக்கும்போது மரத்திலிருந்து விழுந்து மண்டை ஓடு உடைஞ்சு ஆபரேஷன் ஆச்சு அவருக்கு. நம்ம ஊர்ப் படத்தில் பேரு ஓட ஆரம்பிச்சதும் தியேட்டர்ல லைட்டைப் போட்டுடறான்.

ஸ்டண்ட் ஆபத்துன்னு ஊருக்கே தெரியும். அதைச் சொல்ல நான் எதுக்கு? என் சண்டை அடுத்த சீனோட. ஹீரோ அடிபட்ட பிறகு வருமே, அந்த சீன்.

தோளில் குண்டு. ஹீரோ ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார். கத்தியை அடுப்பில் காட்டி, குண்டைத் தோண்டி எடுத்து, மஞ்சளை அப்பி, ஹீரோயின் தாவணியைக் கிழிச்சுக் கட்டினா முடிஞ்சது. அடுத்த பாட்டில் ரெண்டு கையையும் தூக்கி ஆடுவார். தோள் எலும்பு நழுவினா சுவத்தில் ஒரு மோது. மயக்கமா கிடக்கிறவனை மடியில் போட்டு வாயில் தண்ணி. விழுந்தவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கிட்டு ஓட்டம். கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிஞ்சிருந்தா அந்த ஒரு தூக்கே போதும், ஆயுசுக்கும் கால் வராமப் போக. மயக்கத்தில் இருக்கிறவன் வாயில் ஊத்தற சோடா வயித்துக்குப் போகாது, மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கும். ஆனா தெருவில் ஆக்சிடென்ட் ஆனா நாம செய்யற முதல் ரெண்டு வேலையும் இதுதான். எங்கே கத்துக்கிட்டோம்?

நிஜத்தில் தமிழ்நாட்டிலேயே பெரிய ஹீரோவுக்குக் குண்டடி பட்டப்போ என்ன நடந்தது? 1967 ஜனவரி 12. எம்.ஆர்.ராதா சுட்டதில் எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு. யாரும் கத்தியைச் சூடு பண்ணலை. ராயப்பேட்டை ஆஸ்பத்திரி, அங்கேர்ந்து ஜி.எச். கழுத்தில் கட்டோட அவர் படுத்திருந்த போட்டோதான் அந்தத் தேர்தலில் தெருத்தெருவா ஒட்டப்பட்டது. பரங்கிமலையில் ஜெயிச்சார். குரல் மட்டும் கடைசி வரைக்கும் பழையபடி திரும்பலை. படத்தில் அத்தனை வில்லனை அடிச்ச வாத்தியாரே கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குத்தான் போனார். நம்மாளுக்கு மட்டும் நல்லெண்ணெய் போதும்.

சரி, என் தகுதிக்கு வர்றேன்.

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை விடியற்காலை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு. கன்டெய்னர் லாரி கம்மியா இருக்கும்னு கிளம்பினோம். நண்பன் ஒருத்தன், என் கிளாஸ்தான், பேர் வேண்டாம். வண்டி அவனோடது இல்லை, ஓசி வண்டி. ஹெல்மெட் டேங்க் மேல. முன்சக்கரம் தூக்கினது என்னவோ சூப்பராத்தான் தூக்கினான். இறங்கும்போது ரோட்டோரம் கடல் மணல். வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். வலது முன்னங்கையை ஊனி விழுந்தான். மொத்தம் பதினொரு செகண்ட்.

செகண்ட் கணக்கு எனக்கு எப்படித் தெரியும்னா, வீடியோ எடுத்தது நான்.

அதோட நிக்கலை. "வீட்டுல கிரிக்கெட் ஆடும்போது விழுந்துட்டேன்னு சொல்லுடா"ன்னு ஐடியா கொடுத்ததும் நான்தான். ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆகும், ஓசி வண்டிக்காரன் மாட்டுவான், நைனாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிப்பார். அவ்வளவுதான் எங்க யோசனை. வீட்டுக்குப் போனதும் அவன் ஆயா நல்லெண்ணெயைச் சூடு பண்ணி, "சுளுக்குதான்டா, வேற ஒண்ணும் இல்ல"ன்னு அரை மணி நேரம் உருவி விட்டாங்க. அவன் கத்தின கத்தல் எதிர்வீடு வரைக்கும் கேட்டுச்சு. கத்தினா சுளுக்கு எடுபடுதுன்னு அர்த்தமாம்.

ராத்திரி கை உப்பிப் போச்சு. மறுநாள் காலையில் ஒரு கட்டுப் போடுற இடத்துக்குக் கூட்டிட்டுப் போனோம். இடம், பேர் எதுவும் சொல்லப் போறதில்லை. எக்ஸ்-ரே கிடையாது. தடவிப் பார்த்துட்டு ஏதோ பச்சிலை விழுது, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி. இறுக்கமான கட்டு. வலிக்குதுன்னான். "வலிச்சாத்தான் எலும்பு கூடும்"னு பதில் வந்தது. அன்னிக்கு ராத்திரி போன் பண்ணி, "மச்சி, வலி குறைஞ்சிடுச்சுடா, கை மரத்த மாதிரி இருக்கு"ன்னான். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? நானும் சந்தோஷமா தூங்கிட்டேன். வலி குறைஞ்சதுக்குக் காரணம் குணமாகறது இல்லை, உள்ளே நரம்பு செத்துக்கிட்டு இருக்குன்னு எனக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நகம் நீலம். அப்பதான் ஸ்டான்லி. கட்டைப் பிரிச்சுப் பார்த்த டாக்டர் எங்களைத் திட்டக்கூட இல்லை. "எப்ப விழுந்தார்?"னு மட்டும் கேட்டார். ஞாயித்துக்கிழமைன்னு சொன்னோம். மறுபடியும் கேட்டார்.

விஷயம் இதுதான். நம்ம முன்னங்கைக்குள்ள தசையெல்லாம் இறுக்கமான உறைக்குள்ள இருக்கு. எலும்பு உடைஞ்சா உள்ளே ரத்தமும் நீரும் சேர்ந்து வீங்கும். உறை விரியாது. அழுத்தம் ஏறி ஏறி, தசைக்குப் போற ரத்தம் நின்னுடும். வெளியே இருந்து இறுக்கிக் கட்டினா கேட்கவே வேணாம். இதுக்குக் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம்னு பேர். சுமார் ஆறு மணி நேரத்துக்குள்ள உறையைக் கீறி விட்டா தசை பிழைக்கும். அதைத் தாண்டினா தசை செத்து, சுருங்கி, தழும்பாகி விரலையெல்லாம் உள்பக்கம் இழுத்துடும். கை கழுகோட நகம் மாதிரி மடங்கி நின்னுடும். வோல்க்மன்னு ஒரு ஜெர்மன் டாக்டர் 1881-லேயே எழுதி வெச்சிருக்கார், இறுக்கமான கட்டுப் போட்டா இப்படி ஆகும்னு. 1881! மூலக்கொத்தளத்துக்கு இன்னும் வந்து சேரலை.

அடையாளமும் கஷ்டம் இல்லை. அடிக்குப் பொருந்தாத வலி. விரலை வேற யாராவது மெதுவா நிமிர்த்தினாலே உயிர் போற வலி. அப்புறம் மரப்பு, வெளுப்பு. இதுல ஒண்ணு இருந்தாலும் கட்டு எதுவா இருந்தாலும் உடனே பிரிக்கணும், ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டுக்கும் இதே சட்டம்தான்.

ஆயா உருவி விட்டாங்களே, அது இன்னொரு கூத்து. புது அடியை எண்ணெய் போட்டுத் தேய்ச்சா உள்ளே ரத்தக்கசிவு அதிகமாகும். முழங்கை அடியை உருவி உருவி விட்டா தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து கை மடங்காமலே போயிடுறது உண்டு. எலும்பு டாக்டர்களுக்கு இது பழகிப்போன கேஸ்.

உடனே ஒருத்தர் கிளம்புவார், "எங்க மாமா புத்தூர் கட்டுலதான் சரியானாரு, நீ நேத்துப் பொறந்த பையன்"னு. சாருக்கு வணக்கம். திருத்தணி, நகரி தாண்டி ஆந்திராவில் இருக்கிற புத்தூருக்கு எங்க ஏரியாவிலிருந்து தலைமுறை தலைமுறையா போறாங்க, எனக்கும் தெரியும். விலகாத சின்ன கீறல் முறிவு, அசையாம வெச்சிருந்தாலே தானா கூடும். எலும்போட குணம் அது. அந்த மாதிரி கேஸில் பச்சிலை கட்டினாலும் கூடும், பழைய பேப்பரைச் சுத்தினாலும் கூடும். உங்க மாமாவுக்குக் கூடினது எலும்பு. பேர் வாங்கினது பச்சிலை. எது சின்ன முறிவு, எது ரத்தக்குழாய் நசுங்கின முறிவுன்னு எக்ஸ்-ரே எடுக்காம, நாடி பார்க்காம, விரல் ரத்த ஓட்டம் பார்க்காம தடவிப் பார்த்து எப்படிச் சொல்ல முடியும்? அதான் கேள்வி. பாரம்பரியம், தமிழன், மூலிகைன்னு பேச்சை மாத்தாதீங்க.

நெருப்புக் கதையும் இதேதான். ஊர்வலத்தில் நெருப்பு ஊதி முகத்தில் பட்டா பல்பசை, இட்லி மாவு, காபித்தூள், பேனா மை. எங்க தெருவில் மை தடவின முகத்தோட ஒரு பையனைப் பார்த்திருக்கேன். தோல் எவ்வளவு வெந்திருக்குன்னே தெரியாது, அதையெல்லாம் சுரண்டி எடுக்கும்போது இன்னொரு தடவை வேகும். குழாயைத் திறந்து இருபது நிமிஷம் சாதாரணத் தண்ணி, அப்புறம் சுத்தமான துணி, ஆஸ்பத்திரி. ஐஸ்கூட வேணாம். நெருப்பு ஊதும்போது மண்ணெண்ணெயை முழுங்கிட்டா, உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிறாங்க. வாந்தி வரும்போது அது நுரையீரலுக்குப் போனா நிமோனியா. உள்ளே போனதைவிட, வெளியே எடுக்கிறேன்னு செய்யறதுதான் ஆளைத் தூக்கும்.

இப்ப நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். பணம்.

நாங்க பயந்தது போலீஸ் கேஸுக்கு. அப்புறம் உட்கார்ந்து படிச்சேன். பொறுப்பில்லாம வண்டி ஓட்டினதுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 281-வது பிரிவில் அதிகபட்சம் ஆறு மாசம் ஜெயில், இல்லைன்னா ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இல்லைன்னா ரெண்டும். ஜெயில் சின்ன விஷயம்னு சொல்ல வரலை. ஆனா ஒரு பக்கம் அது, இன்னொரு பக்கம் வலது கை. எந்த பேலன்ஸ் ஷீட்டில் இது டாலி ஆகும்? அதுவும் போகட்டும், போலீஸ் வந்தாத்தான் தொடுவோம்னு எந்த ஆஸ்பத்திரியும் சொல்ல முடியாது. முதல்ல சிகிச்சை, மத்ததெல்லாம் அப்புறம்னு 1989-லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு. தூக்கிட்டு வர்றவங்களையும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் பாதுகாப்பு இருக்கு. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கின 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் ரோடு ஆக்சிடென்ட்டுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. நாங்க அந்த 48 மணி நேரத்தை நல்லெண்ணெய்க்கும் மூங்கிலுக்கும் செலவு பண்ணோம்.

கிரிக்கெட்டுன்னு பொய் சொன்னதுக்கும் ஒரு விலை இருக்கு. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். என்ட்ரின்னு ஒண்ணு போடுவாங்க. நம்மாளுங்க அதைக் கண்டாத்தான் ஓடறது. ஆனா ஆக்சிடென்ட்னு எந்த க்ளெய்ம் போனாலும் முதல்ல கேட்கிற பேப்பர்ல அதுவும் ஒண்ணு. வீலிங் பண்ணி விழுந்தா க்ளெய்ம் கிடைக்குமான்னு கேட்டீங்கன்னா, அதுவும் சந்தேகம்தான். 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் ஒரு கேஸ் தள்ளுபடி பண்ணுச்சு. கர்நாடகாவில் கண்மூடித்தனமா வேகமா ஓட்டி, தன் தப்பாலேயே செத்துப்போன ஒருத்தரோட குடும்பம் 80 லட்சம் கேட்டிருந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்க வேண்டியதில்லைன்னு தீர்ப்பு. கிளாஸில் 'கான்ட்ராக்ட் ஆஃப் இன்டெம்னிட்டி' நடத்தும்போது தூங்கின பசங்க இதை மட்டுமாவது ஞாபகம் வெச்சுக்கலாம்.

யூடியூபர் வாசன் கேஸ் எல்லாருக்கும் தெரியும். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் ஹைவேயில் வீலிங், கை முறிவு, ஜெயில், லைசென்ஸ் பத்து வருஷத்துக்கு ரத்து. பைக்கை எரிச்சிடணும்னு ஹைகோர்ட் நீதிபதி சொன்னது நியூஸில் வந்துச்சு. எங்க பசங்க அதையும் மீம் போட்டுச் சிரிச்சாங்க. அவரும் விலை உயர்ந்த கவசம் போட்டிருந்தார்ங்கிற பாயின்ட் மட்டும் இங்கேயும் யாருக்கும் படலை.

எனக்கு வயித்தெரிச்சல் எதுல தெரியுமா? மூலக்கொத்தளத்திலிருந்து ஸ்டான்லிக்கு நடந்தே போகலாம். பெருசுங்க இன்னும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'ன்னுதான் சொல்லுவாங்க, பஞ்ச காலத்தில் கஞ்சி ஊத்தின சத்திரத்திலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி அது. அங்கே டாக்டர் ஆர்.வெங்கடசாமி 1970-களில் வளர்த்தெடுத்த கை அறுவை சிகிச்சைப் பிரிவு இந்தியா முழுக்கப் பேர் போனது. மெஷினில் மாட்டி அறுந்து விழுந்த விரலையெல்லாம் ஒட்ட வைக்கிற இடம். எங்கெங்கிருந்தோ ஜனங்க கையைத் தூக்கிக்கிட்டு அங்கே வர்றாங்க. வாசலில் குடியிருக்கிற நாங்க மூங்கில் பத்தையைத் தேடி எதிர்ப்பக்கம் போனோம். வரிசை இருக்கும், வார்டில் இடம் கிடைக்காம தரையில் படுக்க வேண்டி வரலாம், யாராவது எரிஞ்சு விழுவாங்க. எல்லாம் உண்மைதான். ஒரு நாள் கூலியை விட்டுட்டு வரிசையில் நிக்கிறது எங்க ஜனங்களுக்கு எவ்வளவு கஷ்டம்னு எனக்குச் சொல்லித் தர வேண்டாம். ஆனா நாங்க போகாததுக்குக் காரணம் அது இல்லை. பயம். பொய். அப்புறம் கெத்து.

நண்பனுக்கு மூணு ஆபரேஷன் ஆச்சு. கையை எடுக்காம காப்பாத்தினதே அவங்க புண்ணியம். விரல் நிமிரலை. செமஸ்டர் பரீட்சைக்கு அவன் சொல்லச் சொல்ல இன்னொருத்தர் எழுதினார். அக்கவுண்ட்ஸ் பேப்பரில் லெட்ஜர் கோடு போடுறதை வாயால் சொல்லிப் பாருங்க, அப்போ தெரியும். போன மாசம் பேங்குக்குக் கூடப் போனேன். இடது கையில் கையெழுத்துப் போட்டான். பழைய கையெழுத்தோட ஒத்துப் போகலைன்னு திருப்பிட்டாங்க. வெளியே வந்து டீ குடிச்சோம். ரெண்டு பேரும் பேசிக்கலை.

அவன் ஆயாவைப் போன வாரம் தெருவில் பார்த்தேன். கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. அழுதுட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? "கட்டைப் பிரிக்காம இருந்திருந்தா கூடியிருக்கும் கண்ணு. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயி கிழிச்சதுலதான் கை பூடுச்சு." தெருவே அதைத்தான் சொல்லுது. கடைசியாப் போன இடம் ஆஸ்பத்திரி, அதனால பழி அதுக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை வேற எவனாவது விழுந்தா, அதே நல்லெண்ணெய்க் கிண்ணத்தைத்தான் அடுப்பில் வைப்பாங்க. நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். கிரிக்கெட் கதையில் ஆரம்பிக்கணும். ஆயா வீட்டு வாசலில் அவன் நின்னு என்னையே பார்த்துக்கிட்டு இருந்தான்.